உன் அப்பாவோட இருபத்துநாலு பல் ஃப்ரீவீல்

செந்த்-எத்தியேன்,
மே 22, வியாழக்கிழமை

பஸ்தியானுக்கு,

இங்க எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. முட்டி வலி எப்பவும் போல இருக்கு, பூனை நேரத்துக்குத் தின்னுட்டு நேரத்துக்குத் தூங்குது, மாடி வீட்டுக்காரங்க குழாய் ஒழுகி நம்ம அடுப்படிச் சுவர் ஊறிப்போய் நேத்துதான் ஆள் வந்து பார்த்துட்டுப் போனான். நீயும் லீஸும் குழந்தையும் சுகமான்னு கேட்கிற மனசு இன்னிக்கு எனக்கு இல்லை. இருந்தாலும் பெத்தவ கேட்காம இருக்கக் கூடாது, கேட்டுட்டேன், சுகமா இருங்க. போன்லயே திட்டியிருக்கலாமேன்னு நீ நினைப்பே. போன்ல நான் ரெண்டு வார்த்தை சத்தமாச் சொன்னா லைன் விட்டு விட்டு வருதுன்னு சொல்லி வச்சுடுவே, மான்ட்ரியல் லைன் நான் கொஞ்சினா மட்டும் நல்லா வேலை செய்யுது. கடுதாசியை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி, நடுவுல நிறுத்தாதே, கடைசியில உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்.

அப்பாவோட பின் சக்கரம் கிடைச்சிடுச்சு. ஃபாயோலோட சைக்கிள் கடையில இல்லை. எங்க இருந்துதுன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ வச்ச இடத்துலதான் இருந்துது, கீழ நிலவறையில செர்ரி ஜாடி அடுக்கியிருக்கிற பலகைக்குப் பின்னால, ஜனவரியில அப்பாவைப் புதைக்கிற அன்னிக்குப் போட்டுக்கிட்டியே கறுப்பு ஷூ, அந்த டப்பாவுக்குள்ள. சக்கரம்னு சொல்றேன், சக்கரமா அது? நடு ஹப்பும், அதுல ஒட்டிக்கிட்டு, செயின் ஓடற பல்லு வட்டம், அந்த ஃப்ரீவீலும், சுத்தி வெட்டின ஸ்போக்ஸ் கம்பி முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு, அதுக்கு மேல ஈஸ்டர் சனிக்கிழமை பேப்பரைச் சுத்தி. ரிம்மைத் தேடினேன், பழைய மெத்தைக்குப் பின்னால சாய்ச்சு வச்சிருந்தே. முப்பத்துநாலு வயசு ஆம்பளை, கம்ப்யூட்டர்ல பாலம் வரைஞ்சு குடுக்கிறவன், உடைச்ச தட்டை மெத்தைக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிற மாதிரி வச்சுட்டு பிளேன் ஏறியிருக்கே.

நடந்ததை வரிசையாச் சொல்றேன், நீ மறந்திருந்தா ஞாபகம் வரட்டும். ஈஸ்டருக்கு நீ வந்தே. ஃப்ரீவீல் பக்கத்துல ரெண்டு ஸ்போக்ஸ் அறுந்து போன சக்கரம், அக்டோபர்லேருந்து ஆணியில தொங்குது, அப்பா தொடலே, அப்புறம் அவருக்கே முடியாமப் போச்சு. நான் மாத்திடறேம்மான்னு நீயா வந்து கேட்டே, நான் உன்னைக் கேட்கலே. அப்பவே நான் படிச்சுப் படிச்சு சொன்னேன், அந்தப் பக்கத்து ஸ்போக்ஸ் மாத்தணும்னா முதல்ல ஃப்ரீவீல் கழரணும், அது இருபத்தொன்பது வருஷமா ஏறி உட்கார்ந்திருக்கு, நான் இல்லாம கை வைக்காதேன்னு. ரெண்டாவது இழுப்பறையில எட்டு கழட்டி இருக்கு, எல்லாம் ஒவ்வொரு கம்பெனி ஃப்ரீவீலுக்கு, நம்மளது ரெண்டு காது வச்சது, கழுத்துல சிவப்புப் பெயின்ட் அடிச்சிருக்கேன், அதை மட்டும் எடு, அச்சு நட்டைக் கழட்டி அடி வாஷரையும் எடுத்துட்டு கழட்டியை உட்கார வை, மேல நட்டைத் திரும்பப் போட்டு இறுக்கிட்டு அப்புறம் திருப்புன்னு சொன்னேனா இல்லையா. சொன்னேன். நீ மண்டையை மண்டையை ஆட்டினே. செவ்வாய்க்கிழமை நான் கண் டாக்டரைப் பார்க்கப் போனேன், மத்தியானம் வந்து பார்த்தா ஆணியில சக்கரம் இல்லை. ஃபாயோல்கிட்ட குடுத்துட்டேம்மா, அவருக்கு நல்ல பழக்கம், ரெண்டு வாரத்துல தந்துடுவார்னு சொன்னே. நான் கூட, பரவாயில்லை புத்தி வந்துடுச்சு, தெரியாததைத் தெரிஞ்சவன்கிட்ட குடுக்கிற புத்தி அவங்கப்பாவுக்கு வந்ததே இல்லைன்னு சொல்லி உனக்கு உருளைக்கிழங்கு துருவி ராப்பே சுட்டுப் போட்டேன். ஆறு தின்னே. தொண்டையில எப்படித்தான் இறங்குச்சோ.

ரெண்டு வாரம் போச்சு, மேல ரெண்டு மூணு நாளும் போச்சு, நான் கடைக்குப் போனேன். ஃபாயோல் என்னைப் பார்த்து, எந்தச் சக்கரம்னு கேட்டார். நல்ல மனுஷன், தணிஞ்ச குரல்லதான் கேட்டார். நான் விட்டேனா? கடையில மூணு பேர் நிக்கறாங்க, அதுல ஒருத்தன் அப்பாவோட சைக்கிள் கிளப் ஆளு. செத்த மனுஷன் சக்கரத்தைத் தொலைச்சுட்டு எந்தச் சக்கரம்னு கேட்கறீங்களா, என் பிள்ளை கையால கொண்டு வந்து குடுத்தான், என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான்னு கத்தினேன். அவர் என்னை உள்ள கூட்டிட்டுப் போய் தொங்கற சக்கரம் ஒவ்வொண்ணாக் காட்டினார். இல்லை. அப்பவும் நான் நம்பலே, வித்துட்டீங்களான்னு கேட்டேன். ஆமா, அந்த வார்த்தை என் வாயிலேருந்து வந்துது. முப்பது வருஷமா அவர் கடையில நின்னு பேசியிருக்கேன், ஒரு நாள் அவரை நான் அப்படிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு ஜாடி எடுக்கப் போனப்பதான் டப்பா கையில தட்டுப்பட்டுது. அடுத்த நாள் காலையில பல்லைக் கடிச்சுக்கிட்டு மறுபடி போய், அதே கடையில, ஆள் இருக்கிறப்பவே, டப்பாவைத் திறந்து காட்டி, தப்பு என்னுதுன்னு சொன்னேன். என்னுதுன்னுதான் சொன்னேன். உன் பேரை எடுக்கலே. அவருக்குப் புரிஞ்சிருக்கும், புரிஞ்சுக்கிட்டு ஒரு துருப்பிடிச்ச பழைய ரிம்மை எடுத்து என் கையில குடுத்து, இது உங்களுக்கு வேண்டியிருக்கும் மேடம்னு மட்டும் சொன்னார். எதுக்குன்னு கீழ சொல்றேன்.

ஜூன் பதினஞ்சு என்ன நாள்னு உனக்குத் தெரியாததா? பிறந்ததுலேருந்து பார்த்தவன் நீ. அந்த வருஷம் செத்துப் போன கிளப் ஆளுங்க சைக்கிள் கணவாய் ஏறணும். வீட்டு ஆள் ஓட்டணும், போனவர் கடைசியா வச்சிருந்த பல்லோட ஓட்டணும், வேற பல்லு மாட்டினா கணக்கில்லை. அடிவாரத்துல நாலு கிழவனுங்க குந்தி உட்கார்ந்து விரலை வச்சு ஃப்ரீவீல்ல பெரிய வட்டத்துப் பல்லை எண்ணிச் சத்தமாச் சொன்ன பிறகுதான் பேரைப் படிப்பாங்க. ஓட்ட வீட்டுல ஆள் இல்லைன்னா கிளப் கார் மேல கட்டி ஏத்துவாங்க, பெனுவா வீட்டுக்கு அப்படித்தான் ஆச்சு, அவர் பொண்டாட்டி ரெண்டு வருஷம் எங்க யார் முகத்துலயும் முழிக்கலே. நீ ஈஸ்டர்லயே ஆபீஸ்ல லீவு இல்லை, வர முடியாதுன்னுட்டே. சரி, நான் ஓட்டறேன்னேன். அறுபத்தேழு வயசுல இந்த முட்டியை வச்சுக்கிட்டு உனக்குப் பைத்தியமாடின்னு என் கூட வேலை பார்த்த யுகெத் கேட்டா. பைத்தியம்தான். ஆனா உங்கப்பா கார் கூரை மேல போக மாட்டார், அவ்வளவுதான். அப்படி நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்து நிக்கறேன், இங்க சக்கரமே இல்லை, டப்பாவுல முள்ளுதான் இருக்கு.

இப்ப உன் கைவேலைக்கு வர்றேன். டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். ஃப்ரீவீல் வாயில ரெண்டு பள்ளம் இருக்கே, கழட்டியோட காது உட்கார்ற இடம், அதுல ஒண்ணு பளபளன்னு பிய்ஞ்சு கிடக்கு. நீ எடுத்தது சிவப்புப் பெயின்ட் இல்லை. பக்கத்துல இருக்கிறது, அதுவும் ரெண்டு காதுதான், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா காது ஒரு மில்லிமீட்டர் ஒல்லி, சுவர் தடிமன். அது உள்ள போகும். அதுதான் அதோட மோசமே, போகாம இருந்தா கூட நீ தப்பிச்சிருப்பே. அச்சு நட்டு இடிக்கிறதால பாதி ஆழம்தான் போகும், போனதே போதும்னு நினைச்சுக்கிட்டே, மேல நட்டுப் போட்டு இறுக்கவும் இல்லை, ஸ்பேனர்ல குழாயைச் சொருகி ஒரே மிதி மிதிச்சிருப்பே. நழுவியிருக்கும். கை கிழிஞ்சிருக்கும், அந்த வாரம் பூனை பிறாண்டிச்சுன்னு பிளாஸ்திரி போட்டுக்கிட்டிருந்தியே, பாவம் அந்தப் பூனையை வேற நான் அடிச்சேன். ஒரு மில்லிமீட்டர்தானேம்மான்னு நீ சொல்றது இங்க எனக்குக் கேட்குது. நீ வரையற பாலத்துல போய் அப்படிச் சொல்லு.

இது வரைக்கும் கூட நான் மன்னிச்சிருப்பேன். தப்புக் கழட்டியை எடுக்காதவங்க இல்லை. அதுக்கு அப்புறம் ஸ்போக்ஸை வெட்டினே பாரு, அதைத்தான்டா என்னால தாங்க முடியலே. சைக்கிள் தொட்ட எவனும் செய்யாத காரியம். ஃப்ரீவீல்னா என்னன்னு தெரியாத வீட்டுலயா நீ பிறந்தே? அது மரையில ஏறியிருக்கு, ஒவ்வொரு மிதிக்கும் இறுகும், ஏத்தத்துல இன்னும் இறுகும், அதைத் திருப்பணும்னா பிடிக்க ஒரு கை வேணும், ரிம்தான் அந்தக் கை. கழட்டியை மேஜையில பூட்டியிருக்கிற வைஸ்ல கடிக்க வச்சுட்டு ரிம்மை ரெண்டு கையாலயும் பிடிச்சு லாரி ஸ்டியரிங் மாதிரி திருப்பணும். ஃப்ரீவீல் கழர்ற வரைக்கும் ஒரு ஸ்போக்ஸைக் கூடத் தொடக் கூடாது, இது ஆறு வயசுல உனக்குத் தெரியும். மூடி திறக்கலேன்னு ஜாடியை உடைச்சுட்டு மூடியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிற வேலை இது. கோபத்துல வெட்டியிருப்பே, தெரியும் எனக்கு, கத்தரிச்ச நுனி எல்லாம் ஒரே பக்கம் சாய்ஞ்சிருக்கு, நிறுத்தாம வெட்டியிருக்கே. அந்தக் கோபம் எங்கேருந்து வந்துதுன்னும் தெரியும். அதை நான் இன்னிக்கு விசாரிக்கப் போறதில்லை.

யுகெத்தைக் கூப்பிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ஃப்ரீவீல் தொழிற்சாலையில எனக்குப் பக்கத்து ஸ்டூல், நான் உள்ள பால்ரஸ் குண்டு அடுக்கினா அவ மூடி போடுவா, இப்பவும் தோள் கதவு மாதிரி இருக்கு. டப்பாவைப் பார்த்துட்டு முதல்ல பத்து நிமிஷம் சிரிச்சா. பிள்ளையை இன்ஜினியருக்குப் படிக்க வச்சியேடி, கம்பி வெட்டவான்னு கேட்டா. எனக்கு எரிஞ்சுது. அப்புறம் அவ சொன்னா, மூடியைக் கழட்டி பால்ரஸ் எல்லாம் கொட்டிட்டு உள் உருளையை வைஸ்ல நசுக்கிப் பிடிச்சுத் திருப்பினா அஞ்சு நிமிஷத்துல வந்துடும், ஃப்ரீவீல் போனாப் போகட்டும், அதே மாதிரி வேற ஒண்ணு தேடிக்கலாம், கிழவனுங்களுக்குக் கண்ணு தெரியவா போகுதுன்னு. எனக்குத் தெரியும்னேன். அது தொழிற்சாலை சாத்தின வாரம் என் கையால பால்ரஸ் அடுக்கின ஃப்ரீவீல். அது உடையக் கூடாது. அவ தோளைக் குலுக்கிட்டுக் கையை மடிச்சுக்கிட்டா.

அதனால பொய்ச் சக்கரம் ஒண்ணு கட்டினோம். ஃபாயோல் குடுத்த துரு ரிம் அதுக்குத்தான், ஓட்ட இல்லை, பிடிக்க. இடது பக்கம் பதினெட்டு ஸ்போக்ஸ் ஒழுங்கா ஏறிச்சு. வலது பக்கம் ஃப்ரீவீல் மறைக்குது, தலை உள்ள நுழையாது, அதனால ஒன்பது கம்பியோட தலையை நறுக்கிட்டு கொக்கி மாதிரி வளைச்சு மாட்டினோம். எண்ணெய் விட்டு ஊற வச்சோம், ரெண்டு நாள் விட்டுக்கிட்டே இருந்தேன், காலையில காபி வைக்கும்போது ஒரு சொட்டு, சூப் வைக்கும்போது ஒரு சொட்டு. பிய்ஞ்ச பள்ளத்தைச் சின்ன அரம் வச்சு நாலு மூலையும் நேராக்கினேன், ஒரு மத்தியானம் பூராவும் கண்ணாடி போட்டுக்கிட்டு அதுதான் வேலை, கண் டாக்டர் பார்த்தா சண்டைக்கு வருவார். அப்புறம் சிவப்புப் பெயின்ட் கழட்டியை வச்சேன். அடி வரைக்கும் போய் டக்குன்னு உட்கார்ந்துது. நட்டைப் போட்டு இறுக்கினேன். வைஸ்ல கடிக்க வச்சு நானும் யுகெத்தும் எதிரும் புதிருமா நின்னு இடது பக்கம் திருப்பினோம். அசையலே. மறுபடி. பொய்ச் சக்கரம் முனகுது, கொக்கிக் கம்பி ரெண்டு பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு, யுகெத் வாயில வந்த வார்த்தையை நான் எழுத மாட்டேன், லீஸ் படிச்சா சங்கடம். நாலாவது தடவை துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். நான் ரிம்தான் உடைஞ்சுதுன்னு நினைச்சேன். இல்லை. கழண்டுடுச்சு.

நட்டைத் தளர்த்திக் கையாலயே சுத்திச் சுத்தி எடுத்தேன். எடுத்து மேஜையில வச்சோம். ஹப்போட மரையைப் பார்த்தா வெள்ளையாப் பூத்துப் போயிருக்கு, ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. பழைய கிரீஸ் காய்ஞ்சா பழுப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும், அது கூட இல்லை. யுகெத் விரலால தடவிப் பார்த்துட்டு,

"எந்தப் பாவிடி இதை வெறுமனே ஏத்தினது?"

ன்னு கேட்டா. அடுப்புல சூப் கொதிக்குதுன்னு சொல்லிட்டு எழுந்து போனேன்.

பஸ்தியான், அந்தப் பாவி நான்தான். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை, யுகெத்கிட்ட இன்னும் சொல்லலே, உனக்குத்தான் முதல்ல எழுதறேன். தொழிற்சாலை சாத்தின வெள்ளிக்கிழமை, உனக்கு அஞ்சு வயசு. பத்தொன்பது வருஷ வேலை, கடைசியா அடுக்கின ஃப்ரீவீலை ஏப்ரன் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்கப்பா சமையலறையில சக்கரத்தை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். என்னைப் பார்த்து, எப்படி இருக்கேன்னு கேட்கலே, என்ன ஆச்சுன்னு கேட்கலே. கொண்டு வந்தியா, ஏத்திக் குடு, ஞாயிறு கணவாய்க்குப் போகணும்னார். ஃப்ரீவீல் ஏத்தறது எப்பவும் என் வேலைதான், அவருக்கு அதுல ஒரு பெருமை, என் பொண்டாட்டி கையால ஏத்தினதுன்னு சொல்லிக்குவார். கிரீஸ் டப்பா கை எட்டற தூரத்துல இருந்துது. நான் எடுக்கலே. தெரிஞ்சே எடுக்கலே. போ, போய்க் கணவாயிலேயே கிட, இது உள்ளயே துருப்பிடிச்சு ஒட்டிக்கட்டும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வெறும் மரையில சுத்தி ஏத்திக் குடுத்தேன். அவர் ரொம்ப நன்றின்னு சொல்லி நெத்தியில முத்தம் குடுத்தார். அடுத்த மாசமே கோபம் போயிடுச்சு, விஷயம் மறந்தும் போச்சு. இருபத்தொன்பது வருஷம் மறந்தே போயிருந்தேன்.

இதோட முடியலே. சூப்பை இறக்கி வச்சுட்டு வந்து பார்த்தா யுகெத் ஃப்ரீவீலை மூக்குக்கு நேர வச்சுக்கிட்டு ஜன்னல்கிட்ட நிக்கறா. ஒரு பள்ளத்துல உன் பிய்ச்சல். நான் அரம் போட்டது அதுலதான். அதுக்கு எதிர்ப் பள்ளத்தை நான் சரியாப் பார்க்கவே இல்லை, எண்ணெயும் அழுக்கும் மூடிக் கறுப்பா இருந்துது. அதைத் துணியால துடைச்சுக் காட்டினா. அதுலயும் ஒரு பிய்ச்சல் இருக்குடா. புதுசு இல்லை, உன்னுது இல்லை, வருஷக்கணக்கா ஆயிருக்கு, கருத்து மழுங்கிப் போயிருக்கு. நான் இழுப்பறையைத் திறந்து நீ எடுத்த அந்தத் தப்புக் கழட்டியை எடுத்தேன். ஒரு காது உன்னால புதுசாத் தேய்ஞ்சிருக்கு, மறு காது நுனி பழசா மடங்கியிருக்கு. ரெண்டும் பொருந்துது. உங்கப்பாவும் இதே கழட்டியைத்தான் எடுத்திருக்கார், நட்டுப் போடாமத்தான் திருப்பியிருக்கார், அவருக்கும் நழுவியிருக்கு. என்கிட்ட சொல்லாம திரும்ப மாட்டி ஓட்டியிருக்கார்.

எதுக்குக் கழட்டப் பார்த்தார்னு நினைக்கிறே? எனக்கு அது உறைக்கறதுக்கு ஒரு நாள் பூரா ஆச்சு. அறுபது தாண்டினதும் கிளப்ல எல்லாரும் இருபத்தெட்டு பல்லு மாட்டிக்கிட்டாங்க, ஏத்தத்துக்கு லேசா இருக்கும்னு. உங்கப்பா மட்டும் மாட்டலே. இருபத்துநாலு எனக்குப் போதும்பார். கடைசி எட்டு ஒன்பது வருஷம் மேல் வளைவுல, அந்தக் கல் சிலுவைகிட்ட, இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போனார். வீம்பு பிடிச்ச மனுஷன்னு கிளப்பே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன். சாப்பாட்டு மேஜையில உன் முன்னாடி, லீஸ் முன்னாடி, உங்க கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாடி, இந்த மனுஷனுக்கு மூச்சை விட மானம் பெருசுன்னு சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கிட்டு அதை ரொட்டியால துடைச்சுத் தின்னார். வீம்பு இல்லைடா. அது கழரலே. ஃபாயோல்கிட்ட கொண்டு போயிருந்தா அஞ்சு நிமிஷத்துல கழண்டிருக்கும், ஆனா கழண்டதும் மரையைப் பார்த்திருப்பாங்க, யார் ஏத்தினதுன்னு ஊருக்கே தெரியும், அவர்தானே பெருமையடிச்சு வச்சிருந்தார். என்கிட்ட சொல்லியிருந்தா நான் கழட்டியிருப்பேன். சொல்லலே. ரெண்டு ஸ்போக்ஸ் அறுந்தப்பவும் சொல்லலே, ஆணியில மாட்டிட்டுப் போயிட்டார். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அவரைக் கல்லறையிலேருந்து எழுப்பி ரெண்டு கேள்வி கேட்கணும் போல இருக்கு. ஞாயிற்றுக்கிழமை போனேன், கேட்கத்தான் போனேன், பூச்சட்டியில தண்ணி ஊத்திட்டுத் திரும்பி வந்துட்டேன்.

உன் மேல கோபம் தீர்ந்துடுச்சுன்னு மட்டும் நினைக்காதே. அதுல பாதி வேற ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் குடுக்க வேண்டியதாப் போச்சு, அவ்வளவுதான். மீதிப் பாதி உனக்கே உனக்கு, அது ஃபாயோலைத் திட்டினதுக்கும் பூனையை அடிச்சதுக்கும். தப்பு பண்ணினா வந்து சொல்லு, நான் கத்துவேன், கத்தி முடிச்சதும் சோறு போடுவேன், இது தெரியாம இத்தனை வருஷம் என் வயித்துல பிறந்து வளர்ந்திருக்கே. மறைச்சு வைக்கிறது அப்பாகிட்டேருந்து வந்துதுன்னு சொல்ல எனக்கு ஆசைதான். சொல்ல வாய் வரலே.

இப்ப வேலைக்கு வர்றேன். நேத்து அப்பாவோட ரிம்லயே புது ஸ்போக்ஸ் முப்பத்தாறும் கட்டியாச்சு, கோட்டம் ஃபாயோல் எடுத்துக் குடுத்தார், எனக்கு அந்தக் கண்ணு இல்லை இப்ப. ஃப்ரீவீலைப் பெட்ரோல்ல அலசித் துடைச்சேன். இருபத்தெட்டு பல்லு ஒண்ணு ஃபாயோல் எடுத்து நீட்டினார், கிழவனுங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேடம், உங்க முட்டிக்கு நல்லதுன்னார். ஒரு நிமிஷம் கையில வாங்கிப் பார்த்தேன். திரும்பக் குடுத்துட்டேன். அவர் கடைசியா வச்சிருந்தது எதுவோ அதோடதான் போகணும், அது அவர் விரும்பி வச்சதோ இல்லையோ. மரை முழுக்க கிரீஸ் தடவி என் கையால ஏத்தினேன். இனிமே யாருக்கு எப்ப வேணுமோ அப்ப ஒரு திருப்புல வந்துடும்.

நீ வா. ஜூன் பதிமூணு வெள்ளிக்கிழமை இங்க இருக்கணும். லீவு இல்லை, மீட்டிங், பாலம் விழுந்துடும், எதையும் நான் கேட்கப் போறதில்லை. நான் ஓட்டறதா சொன்னதை வாபஸ் வாங்கிட்டேன்னு கிளப்ல சொல்லியாச்சு, பிள்ளை ஓட்டறான்னு உன் பேரைக் குடுத்தாச்சு. உன்னைக் கேட்காமத்தான் குடுத்தேன். அடிவாரத்துல பல்லை எண்ணி இருபத்துநாலுன்னு சத்தமாச் சொல்லுவாங்க, யாராவது வீம்புன்னு சிரிப்பாங்க, நீ ஒண்ணும் பேசாதே, அதுக்குப் பதில் நான் சொல்லிக்கிறேன், எல்லார் முன்னாடியும் சொல்லிக்கிறேன், யுகெத்தும் அங்கதான் நிப்பா. மேல் வளைவுல உனக்கு மூச்சு வாங்கும், வாங்கும்தான், நீயும் நாற்காலியில உட்கார்ந்து தொப்பை போட்டவன். பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிக்காதே. கல் சிலுவைகிட்ட அவர் இறங்கின இடத்துல இறங்கு. நான் அங்க நின்னுக்கிட்டு இருப்பேன். அங்கேருந்து ரெண்டு பேருமாத் தள்ளிக்கிட்டுப் போகலாம்.

லீஸுக்கு என் அன்பு, குழந்தைக்கு ரெண்டு கன்னத்துலயும் முத்தம், உனக்கும் ஒண்ணு, வேண்டா வெறுப்பா. உடம்பைப் பார்த்துக்கோ, அங்க குளிர் விட்டாச்சுன்னு சட்டையோட அலையாதே, நல்லா இரு, கர்த்தர் உங்களைக் காப்பாத்தட்டும். மறக்காம ஃபாயோலுக்கு உன் கையால நாலு வரி எழுதிப் போடு, நீ வர்றதுக்கு முன்னால அது அவர் கைக்குப் போய்ச் சேரணும்.

உன் அம்மா,
ரொலாந்த்

தப்புக் கழட்டியைத் தூக்கிப் போடலே. சிவப்புப் பெயின்ட் பக்கத்துல இருந்தா மறுபடி யாராவது மாத்தி எடுப்பாங்கன்னு அப்பாவோட தொப்பி மாட்டற ஆணியில தனியாக் கட்டித் தொங்க விட்டிருக்கேன். வந்ததும் பாரு.